ஆவூர் முதல் தச்சங்குறிச்சி வரை: புதுக்கோட்டைச் சீமையில் மாறி வளர்ந்த கிறிஸ்தவம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கில், விராலிமலை ஒன்றியத்தில், திருச்சி எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆவூர். தமிழகத்தின் உட்பகுதியில் கத்தோலிக்கம் வேர்விட்ட பழைய ஊர்களில் ஒன்று இது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே போர்ச்சுகீசியரிடம் திருமுழுக்குப் பெற்றிருந்தாலும், அடுத்த எழுபது ஆண்டுகளில் அந்தச் சமயம் கடற்கரையைத் தாண்டி உள்நாட்டுக்குள் வரவில்லை. மதுரை, திருச்சி மக்களின் கண்ணில் அது பறங்கியரின் மார்க்கம். மாட்டிறைச்சி தின்பவர்கள், குளிக்காதவர்கள், சாதி ஒழுங்கு அறியாதவர்கள் என்று பறங்கியரைப் பற்றி இருந்த எண்ணம் அவர்கள் கொண்டுவந்த வேதத்தின் மீதும் படிந்தது. மக்கள் மனம் மாறுவதற்கு முன் போதகர்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆவூரின் வரலாறு அந்த மாற்றத்திலிருந்தே தொடங்குகிறது.

1606ல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி அந்த வழியைத் திறந்தவர். பறங்கியர் உடையைக் களைந்து காவி உடுத்தினார். புலால் உண்பதை விட்டார். தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். பூணூல், குடுமி, நெற்றிச் சந்தனம் ஆகியவை சமயச் சின்னங்களா, சமூக வழக்கங்களா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. வழக்கங்கள்தாம் என்றார் நோபிலி. கோவாவில் கடும் எதிர்ப்பு எழுந்து, வழக்கு ரோம் வரை போனது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கைக்கு இடம் தராத அளவில் அந்த வழக்கங்களை அனுமதித்தது. கிறிஸ்தவனாவதற்கு ஒருவன் தமிழனாக இருப்பதைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்குக் கிடைத்த முதல் அதிகாரபூர்வமான ஒப்புதலாக அதைக் கொள்ளலாம்.

நோபிலியின் முறையில் ஒரு குறையும் கூடவே வந்தது. பிராமணச் சந்நியாசியாக வாழ்பவர் மற்றச் சாதியாரோடு தாராளமாகப் பழக முடியாது. அதனால் 1640ல் பல்தசார் தா கோஸ்தா என்ற குரு பண்டார சுவாமியாக வேடம் கொண்டார். பண்டார சுவாமிகள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். உள்நாட்டுக் கிறிஸ்தவம் எண்ணிக்கையில் பெருகியது இந்தப் பண்டார சுவாமிகளின் காலத்தில்தான். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோவும் இந்த வரிசையில் வந்தவரே. ஆனால் சமூகத்தின் ஏணியை அப்படியே ஏற்றுக்கொண்டு, படிக்கொரு போதகரை நிறுத்தும் இந்த ஏற்பாடு பின்னாளில் திருச்சபைக்குள் ஆழமான விரிசலாக வளர்ந்தது.

ஆவூருக்கு மிஷனைக் கொண்டுவந்தவர் ழான் வெனான்சியுஸ் பூஷே. 1655ல் பிரான்சில் பிறந்தவர். பதினான்காம் லூயி மன்னன் சயாம் நாட்டுக்கு அனுப்பிய இயேசு சபையார் குழுவில் 1687ல் சென்றார். அடுத்த ஆண்டு அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட்டபோது புதுச்சேரி வழியாக மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். மக்கள் அவரைப் பெரிய சஞ்சீவிநாதர் என்று அழைத்தனர். 1690களின் பிற்பகுதியில் ஆவூரில் அவர் எழுப்பிய சிறு கோவில் மதுரை மிஷனின் முக்கிய நிலையமாயிற்று. சில கையேடுகளிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் இந்தப் பழைய கோவில் 1547ல் பூஷே கட்டியது என்று காணப்படும். பூஷே பிறப்பதற்கு நூறாண்டுக்கு முந்திய அந்த ஆண்டு எங்கோ நேர்ந்த எழுத்துப்பிழை. அதைத் திருத்திக்கொள்வதே முறை.

இடத்தேர்வு யோசித்துச் செய்யப்பட்டது. நாயக்கர் தலைநகரான திருச்சி ஒரு நாள் நடைக்குள் இருந்தது. ஆனால் ஆவூர் தலைநகரத்தின் நேரடிப் பிடியில் இல்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் ஆட்சியும் அன்று அதுவரை எட்டவில்லை. அந்தப் பகுதி பெரம்பூர், காட்டலூர் பாளையத்தாரிடம் இருந்தது. ஓர் அரசன் பகைத்தால் மற்றொருவன் நிலத்துக்கு ஒதுங்கிக்கொள்ள இத்தகைய எல்லை ஊர்கள் உதவின.

அதிகாரத்தில் இருந்தவர்களோடு பூஷே உறவு வளர்த்த விதத்தை அக்கால மிஷன் கடிதங்கள் விரிவாகச் சொல்கின்றன. இராணி மங்கம்மாள் ஆண்ட காலம் அது. ஆட்சிப் பொறுப்பு தளவாய் நரசப்பையனிடம் இருந்தது. அவரைக் காண பூஷே திருச்சிக் கோட்டைக்குப் போனபோது பொன்னும் பட்டும் கொண்டுபோகவில்லை. இரண்டடி அளவுள்ள பூகோள உருண்டை ஒன்றைக் கொண்டுபோனார். நாடுகள், கடல்கள், கரைகள் ஆகியவற்றின் பெயர்கள் அதன்மேல் தமிழில் எழுதப்பட்டிருந்தன. கூடவே கண்ணாடிக் கோளம், உருவத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் காட்டும் வில்லைகள், வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டும் ஆடி. தளவாய் மகிழ்ந்து, குருவைப் பல்லக்கில் ஏற்றி நகர வீதிகளில் மரியாதையோடு அனுப்பிவைத்தார். ஐரோப்பாவில் வரைந்த உலகத்தைத் தமிழ் எழுத்தில் திருச்சி அரண்மனைக்குள் உருட்டிவந்த அந்தக் காட்சியில், நோபிலி தொடங்கிய முறை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெரிகிறது.

குருமார் சிலரே இருந்தனர், ஊர்களோ நூற்றுக்கணக்கில். ஒரு கிராமத்துக்குச் சாமியார் வருவது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான். மீதி நாள்களில் சபையைக் கட்டிக்காத்தவர் உபதேசியார். செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவருக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது, சாமியார் வருகிறார் என்றால் முன்கூட்டிப் போய் ஊரைத் தயார் செய்வது எல்லாம் அவர் வேலை. வேதியர் என்றும் அவரைச் சொல்வர். பெயர் பதிவாகாமல் போன இந்த உபதேசியார்களே புதுக்கோட்டைச் சீமைக் கிறிஸ்தவத்தின் உண்மையான அடித்தளம். ஐரோப்பியக் குருமாரின் கடிதங்கள் கிடைத்தது போல அவர்களுடைய குரல் நமக்குக் கிடைக்காதது பெரிய இழப்பு.

இந்த வளர்ச்சிக்கு ரோமிலிருந்தே சோதனை வந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் தங்கி விசாரித்து, 1704 ஜூன் 23 அன்று பதினாறு வழக்கங்களைக் கண்டித்து ஆணையிட்டார். திருமுழுக்கில் எச்சில் தொடும் சடங்கைத் தமிழர் அருவருப்பர் என்று விட்டது, மணமகளின் தாலி வடிவம், மணவீட்டில் தேங்காய் உடைத்தல், பெண் பூப்படைந்ததைக் கொண்டாடுதல், கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் இந்துக் கோவில்களில் வாசித்தல் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் சென்று குருமார் திருவருட்சாதனம் கொடுக்கத் தயங்குவது. பட்டியலின் மற்றப் பகுதிகளில் தூர்னோனுக்குத் தமிழ் வாழ்க்கை புரியவில்லை என்று சொல்லலாம். இந்த ஒன்றில் அவர் சொன்னது சரி.

மிஷனின் சார்பில் வாதாட பிரான்சிஸ் லைனஸும் பூஷேயும் ரோமுக்கே பயணமானார்கள். வழக்கு நாற்பதாண்டு இழுத்து, 1744ல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையில் முடிந்தது. பெரும்பாலான தடைகள் உறுதியாயின. பறையர்களுக்கென்றே தனிக் குருமாரை ஒதுக்கலாம் என்ற சமரசமும் அப்போதுதான் ஏற்பட்டது. தீண்டாமையை நீக்கச் சொன்ன ஆணை, அதற்குத் தனி வாசல் வைத்துக் கொடுத்து முடிந்தது. பூஷே இந்த முடிவைக் காணவில்லை, 1732லேயே இறந்துவிட்டார்.

ஆணை வந்து மூன்று ஆண்டு கழித்து, 1747ல், ஆவூரில் இப்போதுள்ள பெரிய கோவில் எழுந்தது. ஆற்காட்டு நவாபு, மராட்டியர், நிஜாம் படைகள் திருச்சிக் கோட்டையை மாறி மாறி முற்றுகையிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கோட்டைக்கு அருகே இத்தனை பெரிய கட்டடத்தை எழுப்பியது அங்கிருந்த மக்களின் உறுதியைச் சொல்கிறது. பெரியநாயகி மாதா என்பது அங்கே வழங்கும் பெயர். சிவன் கோவில்களில் அம்மனுக்கு வழங்கும் பெயரே மாதாவுக்கும் அமைந்தது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஆவூரில் பணிபுரிந்தவர்களில் தமிழுலகம் முழுதும் அறிந்தவர் வீரமாமுனிவர். 1680ல் இத்தாலியில் பிறந்து 1710ல் இந்தியா வந்த கொன்ஸ்தாந்சோ பெஸ்கி, சூசையப்பரைத் தலைவராக வைத்து மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். உபதேசியார்களுக்காக அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் எளிய உரைநடையில் அமைந்தது. 1732ல் முடித்த சதுரகராதி தமிழ் அகராதிக் கலைக்கே புது வழி வகுத்தது. நோபிலி வாழ்க்கை முறையில் செய்ததை இவர் இலக்கியத்தில் செய்தார். யூத நாட்டுக் கதை காவிய இலக்கணத்துக்குள், தமிழ் மலைகளும் மருத நிலங்களும் சூழ, இயல்பாக வந்து அமர்ந்தது.

அதன் பிறகு நெடுநாள் சோர்வு. 1759ல் போர்ச்சுகல் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து இயேசு சபையை விரட்டியது. 1773ல் திருத்தந்தையே அச்சபையைக் கலைத்தார். கோவாவிலிருந்து வந்த குருமார் இருந்ததை வைத்துக் காத்தனர். மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையின் பிரெஞ்சுக் குருமார் 1837-38ல் மதுரை மிஷனுக்குத் திரும்பியபோது, பழைய கோவில்கள் யாருக்கு உரியவை என்ற சண்டை மூண்டது. கோவாப் பக்கம், ரோமாப் பக்கம் என்று ஊர்கள் பிரிந்தன. 1886ல் போர்ச்சுகலும் ரோமும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகே வேகம் தணிந்தது. திருச்சி மறைமாவட்டம் அமைந்ததும் அவ்வாண்டுதான். அந்தப் பிரிவின் தடம் இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. கோவா மரபைச் சேர்ந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்திலிருந்து 1952ல் தஞ்சை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. புதுக்கோட்டை நகரம் அதில் அடங்க, ஆவூர் திருச்சியின் கீழ் உள்ளது. ஒரே மாவட்டத்துக் கத்தோலிக்கர் வேறு வேறு ஆயர்களின் கீழ் இருப்பதற்கு இந்தப் பழைய வழக்கும் ஒரு காரணம்.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம் மாற்றம் வேறு முகத்தோடு வந்தது. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715ல் முடித்தார். அந்த மரபில் வந்த சுவார்ட்ஸ் திருச்சியிலும் தஞ்சையிலும் சபைகளை வளர்த்தார். அடுத்த தலைமுறையில் வந்த ஆங்கிலப் போதகர்கள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தனர். 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அடியோடு விடப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சையிலும் திருச்சியிலும் பெருங்கலகம். சுவார்ட்ஸின் வளர்ப்பு மகன் போன்றவரும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைத் தந்தவருமான வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்தவர்களின் முன்வரிசையில் நின்றார். பறித்துவிடப் பார்ப்பது சாதியை மட்டுமல்ல, தங்கள் பூவையும் பாட்டையும் கல்யாண முறையையும் சேர்த்துத்தான் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. மறு பாதி, அந்த நியாயத்தைக் கேடயமாக்கிச் சாதியைக் காத்தது. 1840க்குப் பிறகு வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் இறுக்கம் காட்டாததால் பலர் லுத்தரன் சபைக்குப் போனார்கள். அந்தச் சபை 1919ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றது. புதுக்கோட்டையிலும் அதற்குச் சபை உண்டு.

கத்தோலிக்கக் கோவில்களுக்குள் சாதி எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு வடக்கன்குளமே சாட்சி. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அப்போது ஆவூரைப் போலவே மதுரை மிஷனில் இருந்தது. 1872ல் அங்கே கட்டிய கோவிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். வெள்ளாளர் ஒரு கூடத்தில், நாடார் முதலானோர் மற்றதில், இடையே சுவர். 1910ல் பங்குக் குரு கௌசானல் அந்தச் சுவரை அகற்றினார். வெள்ளாளர் தரப்பு வழக்குத் தொடர, சென்னை உயர்நீதிமன்றம் பிரிவினை உரிமையை ஏற்க மறுத்துவிட்டது. ஒரு சுவர் எழுந்து விழ நாற்பதாண்டு ஆனது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புதுக்கோட்டையே மாறிக்கொண்டிருந்தது. 1948 மார்ச் 3ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்தது. 1974ல் தனி மாவட்டமானது. இடையில் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதற்கு முன்பு கிராமத்துக் கோவிலில் பூசை நடந்த விதத்தை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். சாமியார் சனங்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் முணுமுணுப்பார். கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முக்காடிட்டுத் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் செபமாலை நின்று தலைகள் குனியும். எழுந்தேற்றம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து செபமாலை தொடரும். பீடத்தில் ஒரு வழிபாடு, தரையில் ஒரு வழிபாடு. 1963 டிசம்பர் 4 அன்று சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு மக்கள் மொழிக்கு வழிவிட்டது. பீடம் முன்னுக்கு நகர்ந்தது. குரு மக்களைப் பார்த்துத் திரும்பினார். வாசகங்களைப் பொதுமக்களே வாசித்தார்கள். பழைய மணிப்பிரவாள நடையும் போய், நல்ல தமிழ் வந்தது. 1995ல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளியானது. நோபிலிக்கு முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பலிபீடமே தமிழ் பேசத் தொடங்கியது.

1969 ஏப்ரலில் ரோம் இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு தழுவல்களை அனுமதித்தது. தரையில் சம்மணமிட்டு அமர்தல், முழந்தாளிடாமல் கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு, ஆரத்தி, பொன்னாடை போன்ற மேலாடை ஆகியவை அவற்றில் சில. இதற்கு முன்னின்று உழைத்தவர் தமிழரான குரு அமலோற்பவதாஸ். பெங்களூரில் அவர் நடத்திய தேசிய மறைக்கல்வி, திருவழிபாட்டு நிலையம் இதன் பாசறையாக விளங்கியது. இது இந்துமயம் என்று சிலர் எதிர்த்தனர். அதைவிட ஆழமான கேள்வி 1980களில் தலித் இறையியலாளர்களிடமிருந்து வந்தது: இந்தியப் பண்பாடு என்று திருச்சபை எடுத்துக்கொண்டது யாருடைய பண்பாடு? சமஸ்கிருத மந்திரமும் குத்துவிளக்கும் பீடத்துக்கு வந்தபோது பறை ஏன் வாசலிலேயே நின்றது? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டுகளாலும் பறையாலும் ஒரு வழிபாட்டு முறையையே ஆக்கிக் காட்டினார். நோபிலியின் காலத்தில் எழாத கேள்வி அது. எழாமல் போனதன் விலையைத் திருச்சபை மூன்று நூற்றாண்டு செலுத்தியது.

மேலிருந்து வந்த ஆணைகளுக்குக் காத்திராமல் மக்களே ஆக்கிக்கொண்ட மாற்றங்களும் உண்டு. பெரும்பாலும் நிலைத்தவை அவையே. ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடக்கும் பாஸ்கா அத்தகையது. இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் உயிர்ப்பையும் நடித்துக் காட்டும் இந்த நாடகத்தைத் தொடர்ந்து தேர் ஓடும். கோடையில் நடக்கும் இந்த விழாவுக்கு எல்லா மதத்தாரும் திரண்டு வருகின்றனர். ஐரோப்பியத் திருப்பாடுகளின் நாடகமும் தமிழ்த் தெருக்கூத்தும் தேரோட்டமும் கலந்து ஒன்றாகிவிட்ட விழா அது.

மாவட்டத்தின் மறுபக்கத்தில், கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில், விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் புத்தாண்டு விழாவையொட்டி ஜனவரியில் ஜல்லிக்கட்டு நடக்கிறது. தமிழ்நாட்டில் அந்தந்த ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்று பெயர்பெற்றது இது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது வாடிவாசல் அடைபட்டது. 2017ல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றிய பிறகு திறந்தது. மாதா கோவில் விழாவுக்குக் காளை அவிழ்ப்பதை எந்தத் திருச்சபை ஆணையும் அனுமதித்ததில்லை. தூர்னோன் பார்த்திருந்தால் பதினேழாவதாக அதையும் சேர்த்திருப்பார். ஊர் மக்களுக்கோ அது தங்கள் சாமிக்குச் செய்யும் சிறப்பு.

உடை, மொழி, இசை, விழா ஆகியவற்றில் இத்தனை எளிதாக வந்த மாற்றம் சாதியில் மட்டும் இழுபறியாகவே இருந்துவருகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவர் 2010ல் போராட்டத்துக்கு உள்ளானது. அரசின் பக்கமும் கதவு மூடியே இருக்கிறது: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. தூர்னோனின் ஆணைக்கும் அந்த ஏற்புக்கும் இடையே முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள். அறிக்கையில் உள்ளவை பங்குகளிலும் கல்லறைகளிலும் நடைமுறைக்கு வரும் வேலை இன்னும் முடியவில்லை.